புதுப்பந்தின் எதிரே நின்றவன்

திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரியை இழந்த புலவர், தந்தையற்ற மகளிரை அழைத்துக்கொண்டு மலையமான் நாடு நோக்கி நடந்த நடை முடிந்த இடம் அதுவென்பது இந்நாட்டார் நெஞ்சில் நின்ற செய்தி. வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டும் அதற்குச் சான்று கூறும். பாரியின் பறம்புமலை வீழ்ந்தபின் அவர் பாடியவற்றுட் பல கையறுநிலைத் துறையின. கொடுத்தவன் போனான், கொண்டவன் நிற்கிறான், நிற்பவன் மனிதரோடு பேச மாட்டாமல் குன்றோடும் சுனையோடும் பேசுகிறான். அத்துறையின் பெரும்புலவர் அடிபட்ட மண்ணில், கல்வராயன் மலையின் கீழைச் சாரலில், சங்கராபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

என் தலைவன் வேந்தன் அல்லன்; வேளும் அல்லன். கோட்டையும் முரசும் அவனுக்கு இல்லை. வெள்ளுடை உடுத்து, மட்டை ஏந்தி, செம்பந்தின் எதிரே நின்றவன். ஆட்டக்காரனுக்கு இத்துறை பொருந்துமா என்று தமிழாசிரியர் ஒருவர் என்னை வினவினார். பொருந்தும் என்றேன். குடிப்பெருமை கேட்டு வருவதன்று கையறவு. ஒருவன் இருந்தபோது தன்னைச் சூழ்ந்தவர்க்கு எதைக் கொடுத்தான், அவன் போனபின் அது எங்கே போயிற்று என்று தேடுவார்க்கு வருவது அது. முல்லைக்குத் தேர் கொடுத்தவனைப் பாடிய துறையில், ஓர் அணிக்கு அச்சமின்மையைக் கொடுத்தவனுக்கும் இடம் உண்டு. அவன் என்று ஒருமையில் எழுதுகிறேன். மூத்தவரைப் பெயர் சொல்லியும் அழையாத ஊர் எங்களூர். ஆயினும் பாட்டுடைத் தலைவனை அவன் என்றும் நீ என்றும் நெருங்கிப் பேசுவது புலம்புவோர்க்குத் தமிழ் தந்த உரிமை.

வக்கடை பிக்ஷேஸ்வரன் சந்திரசேகர். உலகம் வி.பி. என்றது. 1961 ஆகஸ்ட் 21-இல் சென்னையில் பிறந்தான். 2019 ஆகஸ்ட் 15-இல் அதே சென்னையில் மறைந்தான். 58-ஆம் பிறந்தநாளுக்கு ஆறு நாள் மீதி இருந்தது.

தொடக்க ஆட்டக்காரனின் தொழில் எத்தகையது என்பதை ஆடாதவர்க்கும் சொல்லவேண்டும். சொன்னாலன்றி இவன் அருமை விளங்காது. காலையில் ஆட்டம் தொடங்கும்போது பந்து புதியது. மேல்தோல் பளபளக்கும், நடுத் தையல் புடைத்து நிற்கும். வீச்சாளனோ உறங்கி எழுந்த உடலோடு, சோர்வு அறியாத தோளோடு ஓடிவருவான். களத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. அந்நேரத்தில் பந்து உள்ளே வளையுமா வெளியே விலகுமா, குத்தி எழுமா தாழ்ந்து சறுக்குமா என்பது வீசியவனுக்கே முழுதும் தெரியாது. மட்டையின் விளிம்பை மயிரிழை தொட்டாலும் போதும், பின்னே காத்திருக்கும் ஸ்லிப் வரிசையின் கைகளில் போய் விழும். ஆகவே பயிற்சியாளர் எல்லாரும் பொறுமையையே ஓதினர். முதல் ஒரு மணி நேரத்தை வீச்சாளனுக்குக் கொடு, விடத்தக்கதை விடு, பந்து பழையதானபின் உன் காலம் வரும் என்றனர். நல்ல அறிவுரைதான். தலைமுறை தலைமுறையாகப் பல பெருவீரரை அது ஆக்கியிருக்கிறது.

வி.பி. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மறுத்தவன். புதுப்பந்து கடினமானது, ஆதலால் மட்டையில் பட்டால் விரைந்து ஓடும். வீச்சாளன் தாக்கவே நினைக்கிறான். ஆதலால் அவன் காவலரெல்லாம் மட்டையைச் சுற்றி நிற்கிறார்கள், எல்லைக்கோட்டில் ஆளில்லை. மற்றவர் அச்சம் கண்ட இடத்தில் அவன் வாய்ப்பைக் கண்டான். இது மூர்க்கம் அன்று. மூர்க்கன் கண்ணை மூடிக்கொண்டு வீசுவான். இவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தான். உயிரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவான் என்று எங்களூரில் சொல்வார்கள், அப்படி ஆடினான்.

இத்தகைய ஒருவன் முன்னே சென்று நின்றால் பின்னே காத்திருப்பவர்க்கு என்ன நேரும் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. காலில் பட்டை கட்டிக்கொண்டு அடுத்து இறங்கவேண்டியவன் கொட்டகையில் அமர்ந்திருக்கிறான். வயிற்றில் கலக்கம். எதிரணி வீச்சாளன் பெரும்பெயர் படைத்தவன். அப்போது களத்தின் நடுவிலிருந்து, மட்டையின் நடுவில் பந்து பட்ட ஓசை வருகிறது. மறுபடி வருகிறது. பெரும்பெயர் வீச்சாளன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். கேப்டன் ஓடிவந்து ஸ்லிப்பில் நின்ற ஒருவனை எல்லைக்கோட்டுக்கு அனுப்புகிறான். கொட்டகையில் இருப்பவனின் வயிறு அடங்குகிறது. அந்த வீச்சாளனும் மனிதனே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டக்கணக்கில் எந்த வரியிலும் ஏறாத கொடை அது. வி.பி. எடுத்த ஓட்டங்களைப் புள்ளிவிவரம் சொல்லும். அவனால் பிறர் எடுத்த ஓட்டங்களை எந்தப் புத்தகமும் சொல்லாது.

தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை முதலில் வென்றது 1954-55-இல், சென்னை மாகாணம் என்ற பெயரில். அதன்பின் 33 ஆண்டுகள் அக்கோப்பை இப்பக்கம் திரும்பவில்லை. சுழற்பந்தில் உலகை வென்றவர்கள் நம்மிடம் இருந்தார்கள். நளினமான மட்டையாளர்கள் இருந்தார்கள். கோப்பை மட்டும் பம்பாயிலும் தில்லியிலும் கர்நாடகத்திலும் இருந்தது. நாம் அழகாக ஆடித் தோற்பவர்கள் என்ற பேச்சு நமக்குள்ளேயே வேரூன்றிவிட்ட காலம். 1987-88-இல் அது முடிந்தது. வாசுதேவன் தலைமையில், ராமனும் ராபின் சிங்கும் சிவராமகிருஷ்ணனும் இளைஞன் வெங்கட்ரமணாவும் இருந்த அணி, சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் வேறுபாட்டில் வீழ்த்தியது. அவ்வணியின் தலைவாயிலில் நின்று, வந்த புதுப்பந்தையெல்லாம் எதிர்கொண்டவன் வி.பி. அதன்பின் தமிழ்நாடு எத்தனையோ முறை இறுதியாட்டம் வரை சென்றிருக்கிறது. கோப்பை திரும்பி வரவில்லை. பெரும் ஆட்டக்காரர் பலர் வந்தனர். அஸ்வின் வந்தான், கார்த்திக் வந்தான், முரளி விஜய் வந்தான். திறமையில் எவரும் குறைந்தவரல்லர். ஆயினும் அந்த ஓராண்டு நம் அணியின் குருதியில் ஓடிய சூடு வேறு. அந்தச் சூட்டில் இவன் பங்கு பெரிது என்பது என் முடிபு.

ரஞ்சி வென்ற அணி இந்தியாவின் ஏனைய மாநில வீரர் எல்லாரையும் ஒருசேர எதிர்த்து ஆடுவது இரானிக் கோப்பை. ஒரு மாநிலத்தின் மீது ஒரு நாடே திரண்டு வருவது போன்ற ஆட்டம். 1988-இல் சேப்பாக்கத்தில் அவ்வாட்டம் நடந்தது. தமிழ்நாட்டின் இரண்டாம் இன்னிங்ஸில் வி.பி. 56 பந்தில் சதம் அடித்தான், 119 எடுத்தான். தமிழ்நாடு வென்றது. இருபது ஓவர் ஆட்டம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலம் அது. ஒருநாள் ஆட்டத்திலேயே ஐம்பது ஓவரில் 220 எடுத்தால் வெற்றி என்று கைதட்டிய காலம். பல நாள் ஆட்டத்தில், செம்பந்தில், 56 பந்தில் நூறு! முதல்தர ஆட்டத்தில் இந்தியர் எவரும் அதுவரை அதைவிட விரைவாக நூறைத் தொட்டதில்லை. அசாமின் ராஜேஷ் போரா மட்டுமே அதற்குச் சற்று முன்னர் அதே 56-இல் தொட்டிருந்தான். 2016-இல் ரிஷப் பந்த் ரஞ்சியில் 48 பந்தில் சதம் கண்டபோது, பழைய ஏடு புரட்டியவர்கள் மறுபடியும் இந்த 56-ஐ எடுத்துப் பேசினார்கள்.

சங்கராபுரம் அன்று தென்னாற்காட்டின் ஓர் ஓரம். விழுப்புரம் மாவட்டமானது 1993-இல். கள்ளக்குறிச்சி மாவட்டமானது 2019 நவம்பரில், வி.பி. மறைந்து மூன்று மாதத்துக்குப் பின். சேப்பாக்கத்தை எங்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றோரின் தமிழ் வருணனை வானொலி வழியே ஊரூராக ஆட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை மறுநாள் டீக்கடைச் செய்தித்தாள் சொல்லும். நீர் வற்றினால் ஏரிதான் எங்கள் களம். கருவேலங் குச்சி மூன்று. ஊர்த் தச்சர் வேப்பம்பலகையில் செதுக்கிக் கொடுத்த மட்டை ஒன்று; அதன் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கும். பந்து ரப்பர் பந்து. அது ஒன்றே ஒன்று இருந்தது. அதுவே எங்கள் செல்வம். ஆகவே ஏரிக்குள் ஒரு சட்டம் இருந்தது: தூக்கி அடித்தால் அவுட். கரையைத் தாண்டிக் கரும்புக்குள் பந்து போனால் தேடி எடுக்க முடியாது என்பதற்காகப் பெரியவர்கள் போட்ட சட்டம். நாங்கள் எல்லாரும் தரையோடு தரையாகவே ஆடப் பழகியிருந்தோம். அச்சத்தை விதியாக எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒழுங்கு என்று பெயர் சூட்டியிருந்தோம்.

56 பந்துச் செய்தி வந்த மறுநாள் மாலை, எங்கள் அணிக்கு மூத்தவர் ஏரிக்குள் வந்தார். செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். குச்சி நட்டு முடிந்ததும் சொன்னார்: "டேய், இனிமே தூக்கி அடிக்கலாம்டா."

"பந்து போயிட்டா என்னாண்ணா பண்றது?" என்றான் ஒருவன்.

"போனா போவுது. நாலு நாளைக்கு மல்லாட்டை ஆயப் போனா ரெண்டு பந்து வாங்கலாம்."

அன்று மாலையே பந்து கரும்புக்குள் போயிற்று. ஒருவரும் வருந்தவில்லை. அந்த வாரம் நாங்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆயப் போனோம். கூலிக்குக் கிடைத்த காசில் புதுப்பந்து வந்தது. சென்னையில் ஒருவன் மட்டையைச் சுழற்றினான். கல்வராயன் அடிவாரத்து ஏரி ஒன்றில் ஒரு சட்டம் உடைந்தது. அவனுக்கு அது தெரியாது. சங்கராபுரம் என்ற பெயரை அவன் கேட்டிருப்பானா என்பதும் எனக்குத் தெரியாது. மழை தான் நனைத்த வயலைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வதில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அவன் இந்திய அணிக்குள் வந்தான். நியூசிலாந்துக்கு எதிராக விசாகப்பட்டினத்தில் முதல் ஒருநாள் ஆட்டம். மறுமுனையில் ஸ்ரீகாந்த். ஒரே நகரத்து இருவர், ஒரே தீயின் இரு கொழுந்துகள், நாட்டுக்காக ஒன்றாக நடந்து உள்ளே சென்றார்கள். தமிழ்நாட்டில் அன்று மகிழாதவர் யார்? ஆனால் ஊழ் வேறு கணக்கு வைத்திருந்தது. 1990 மார்ச் வரை மொத்தம் ஏழு ஆட்டங்கள். எடுத்தது 88 ஓட்டம். அவற்றுள் ஒன்றில் நியூசிலாந்துக்கு எதிராக 53. ஏனைய ஆறும் சேர்ந்து 35. டெஸ்ட் ஆட்டம் ஒன்றும் இல்லை. இந்திய ஏடுகளைப் புரட்டுபவன் இவ்வளவையே காண்பான். கண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவான்.

ஏழு வாய்ப்பில் ஒரு மனிதனை அளப்பது நம் நாட்டு வழக்கம். மாநிலத்துக்கு ஆடியவனின் ஆண்டுகளை எவரும் எடுத்து அளப்பதில்லை. ஒழிந்த இருக்கைகளுக்கு நடுவே, வெயிலில், தொலைக்காட்சி எட்டிப்பாராத ஆட்டங்களில், 81 முதல்தர ஆட்டம் ஆடினான். பத்துச் சதம். அதிகம் 237, ஆட்டமிழக்காமல். சராசரி 43-க்கு மேல். அடித்து ஆடும் தொடக்க ஆட்டக்காரன் ஒருவன் 43 சராசரி வைத்திருப்பது எளிதன்று. பொறுமையே உருவான பலர் அதை எட்டவில்லை. கடைசிப் பருவங்களைக் கோவா அணிக்கு ஆடினான். தனக்குப் பழகிய சேப்பாக்கத்தை விட்டு, சிறிய அணி ஒன்றுக்குப் போய், அங்கிருந்த இளைஞர்க்கும் புதுப்பந்தின் எதிரே நிற்கக் காட்டிக்கொடுத்தான்.

முதல்தர ஆட்டத்தில் அவன் எடுத்த மொத்த ஓட்டம் 4999.

ஓ எண்ணே, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இன்னும் ஓர் ஓட்டம் ஓடியிருந்தால் ஐயாயிரம். தட்டிவிட்டு ஓடும் ஓர் ஒற்றை ஓட்டம். தரையோடு தள்ளி, மெல்ல நடந்தும் எடுத்திருக்கலாம். எத்தனையோ பேர் தம் எண்ணை முழுமையாக்கிக்கொள்ள இன்னொரு பருவம் ஆடினார்கள். அணியில் ஓர் இளைஞன் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இவன் நிற்கவில்லை. ஒற்றை ஓட்டம் சேர்த்துக் கணக்கை நிறைப்பது அவனுக்குப் பழக்கமில்லாத தொழில். நீ குறையுள்ள எண் என்று சொல்வார் சொல்லட்டும். அவன் கையெழுத்துப் போல நீ எனக்குத் தோன்றுகிறாய்.

சேப்பாக்கத்துக் காற்றே, உன்னிடமும் கேட்கிறேன். மெரினாவில் தோன்றிப் பிற்பகலில் களத்துக்குள் வரும் நீ, அன்று அவன் அடித்த பந்துகளைத் தொட்டுச் சென்றவள். அவற்றின் விரைவு உனக்குத் தெரியும். இன்று அதே களத்தில் இரவெல்லாம் விளக்கெரிகிறது. இசை முழங்குகிறது. முதல் ஓவரிலேயே ஆறு ஓட்டம் பறக்கிறது. இருபதாயிரம் பேர் எழுந்து நின்று கூவுகிறார்கள். அவர்கள் கூவும் ஆட்டத்தைப் பல பத்தாண்டு முன்னரே ஒருவன் இங்கே தனியாக ஆடிப் பார்த்தான் என்று நீ அவர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். உனக்கும் அவனைப் போலவே திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லை.

மட்டையைக் கீழே வைத்தபின்னும் அவன் கொடை நிற்கவில்லை. இந்தப் பகுதியைப் பலர் அறிவார்கள். அதனால் விரைந்து சொல்கிறேன். தேசியத் தேர்வுக்குழுவில் தெற்கு மண்டலத்தின் குரலாக இருந்தான். ராஞ்சியிலிருந்து தோனி என்னும் இளைஞன் இந்திய அணிக்குள் வந்த காலம் அது. பின் 2008-இல் ஐ.பி.எல். பிறந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைக் கட்டும் பொறுப்பை ஏற்றான். முதல் ஏலத்தில் யாரை நடுவாக வைத்து அணி கட்டுவது என்ற பேச்சில் சேவாக்கின் பெயர் முன்னே நின்றது. தோனியே வேண்டும் என்று வாதாடியவன் வி.பி. என்பது கிரிக்கெட் உலகம் அறிந்த செய்தி. 15 லட்சம் டாலருக்குத் தோனி சென்னைக்கு வந்தான். அதன்பின் ஐந்து கோப்பைகள். இன்று மஞ்சள் சட்டை அணிந்து விசிலடிக்கும் சிறுவன் எங்கள் சங்கராபுரத்துத் தெருவிலும் இருக்கிறான், மூங்கில்துறைப்பட்டிலும் இருக்கிறான், கல்வராயன் மேல் வெள்ளிமலையிலும் இருக்கிறான். தன் தலைவனைத் தனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் பெயர் அவனுக்குத் தெரியாது.

வேளச்சேரியில் பயிற்சிக்கூடம் ஒன்று நடத்தினான். தொலைக்காட்சியில் தமிழில் பேசினான். அடித்து ஆடியவன் பேச்சிலும் அந்த அவசரமும் தெளிவும் இருந்தன. ஆட்டக்காரனின் அச்சத்தை இழிவாகப் பேசாமல், அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று விளக்குவான். தமிழ்நாடு பிரீமியர் லீகில் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய அணி ஒன்றை நடத்தினான். முதலில் வி.பி. திருவள்ளூர் வீரன்ஸ், பின் வி.பி. காஞ்சி வீரன்ஸ். பெரு நிறுவனங்களும் செல்வர்களும் அணி வாங்கிய இடத்தில், ஆடிப் பெயரெடுத்த ஒருவன் தானே ஓர் அணியைத் தோளில் தூக்கியது அரிய செயல். அந்த லீக் எங்களூர் போன்ற ஊர்களுக்கு எதைத் தந்தது என்பதை நாங்கள் அறிவோம். கல்வராயனுக்கு மேற்கே, சேலத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜன் அந்த வழியேதான் உலகுக்குத் தெரிந்தான். சென்னையில் பிறவாதவனும் ஆடலாம் என்று திறந்த கதவு அது. அக்கதவைத் தாங்கிப் பிடித்த கைகளுள் வி.பி.யின் கையும் ஒன்று.

2019 ஆகஸ்ட் 15. நாடு கொடியேற்றிய நாள். அன்று இரவு சேப்பாக்கத்தில் அந்த லீகின் இறுதியாட்டம். சேப்பாக் சூப்பர் கில்லீஸும் திண்டுக்கல் டிராகன்ஸும் மோதின. அந்த நாளின் மாலையில் மயிலாப்பூரில் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்ற செய்தி வந்தது.

காரணங்களைச் செய்தித்தாள்கள் எழுதின. அவற்றை எடுத்து இங்கே எண்ண மாட்டேன். ஒரு மனிதன் உள்ளத்தில் நெடுநாள் நடந்த போரை ஒற்றைக் காரணத்தில் கட்டிப்போடுவது அறமும் ஆகாது, உண்மையும் ஆகாது. அது வீரம் என்றும் சொல்ல மாட்டேன், கோழைமை என்றும் சொல்ல மாட்டேன். பாரிக்குப் பின் கபிலர் கொண்ட முடிவை இங்கே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாடுவதற்கும் என் நா எழவில்லை. அது வேறு காலம்; இது வேறு நோவு. இந்நோவுக்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, கேட்கும் செவி உண்டு. அவை அவனை எட்டவில்லை என்பதே எங்கள் கையறவு. இறந்தவன் இருந்திருக்கலாம். இதைவிடக் கடிய சொல் இத்துறையில் இல்லை.

எத்தனை பேருக்கு அஞ்சாதே என்று காட்டினாய்! உன் அச்சத்தை யாரிடம் காட்டினாய்? முதல் பந்தையே எதிர்கொள்ள நீ முன்னே போனாய். உன் பின்னே கொட்டகையில் நாங்கள் அமர்ந்து கைதட்டினோம். மறுமுனையில் ஒருவன் நிற்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. தனியாக ஒருவனை மட்டையோடு நிறுத்தி ஆட்டம் நடத்துவதில்லை. கடைசி ஆள் ஒருவன் மிஞ்சினால் இன்னிங்ஸ் முடிந்தது என்று நடுவரே சொல்லிவிடுவார். அந்தக் கடைசி நாட்களில் உன் மறுமுனை ஒழிந்திருந்ததோ? அல்லது அங்கே நின்றவர்களை நீ பார்க்க முடியாதபடி கண் இருண்டிருந்ததோ? கல்வராயனே, நீ எங்களைவிட மூத்தவன். மேகம் உன் தலையில் இறங்குவதையும் விலகுவதையும் பலகோடி முறை கண்டவன். இறங்கியது விலகும் என்று அவனுக்கு ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் இல்லை. வாய் இருந்த நாங்கள் நெடுந்தொலைவில் இருந்தோம்.

அவன் மறைந்த செய்தி வந்தபோது எங்கள் பழைய அணியின் மூத்தவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஏரிச் சட்டத்தை உடைத்தவர் அவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, முழங்கால் வலி, மகன்கள் திருப்பூரில். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்மளத் தூக்கி அடிக்கச் சொன்னவன்டா" என்றார். வேறு சொல் அவருக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. இவ்வளவு சொற்களை அடுக்கிய பின்னும், அவர் சொன்ன அந்த ஒற்றை வரிக்கு மேல் நான் எதையும் சொல்லிவிட்டதாகத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கல் தோறும் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. மைக் கட்டி, ஊர்ப் பெரியவர் கையால் கோப்பை கொடுக்கிறார்கள். கோப்பைகளுக்கு இறந்துபோன உறவினர் பெயரும் தலைவர்கள் பெயரும் வைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் பந்தையே அடித்து ஆடும் இளைஞனுக்கு ஒரு பரிசு ஒதுக்குங்கள், அது வி.பி. பெயரில் இருக்கட்டும். அவன் யார் என்று மைக்கில் ஒரு நிமிடம் சொல்லுங்கள்: 1987-88-இல் ரஞ்சி வென்ற அணியில் இருந்தான், 56 பந்தில் இரானிச் சதம் அடித்தான், தோனியைச் சென்னைக்குக் கொண்டுவரக் குரல் கொடுத்தான். அவ்வளவு போதும்.

இன்னொன்றும் உண்டு; இது அணித் தலைவர்களுக்கு. உங்கள் அணியில் எப்போதும் முன்னே நிற்பவன், எல்லாரையும் உசுப்பி விடுபவன், திடீரென்று பேச்சைக் குறைத்தால், களத்துக்கு வராமல் இருந்தால், அவன் வீட்டுக்குப் போங்கள். நலமாகத்தான் இருப்பான் என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், மனசு எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள், தனியாக விட்டுவராதீர்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். மலைமேல் இருப்பவர்க்குத் தொலைபேசியே போதும்: தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.